அத்தியாயத்துக்குப் பதில் ஒரு வரி

"வீட்டுக்குள்ள நாம இருந்தா அது வாசல்ல நிக்கும். நாம கிளம்பினா அதுவும் கூடவே கிளம்பும். பொறக்கும்போதே ரெட்டை. ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு எதுக்கும் ஆகாது. அது என்ன?" என்று செந்தாமரை கேட்டாள். கேட்டு முடித்த பிறகுதான், இந்தக் காலைக்கு இதைவிட மோசமான விடுகதையைத் தேடினாலும் எடுத்திருக்க முடியாது என்று பட்டது. மகிழினி ஜன்னல் கம்பியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "செருப்பு. போன மாசமே பத்திரிகையில உன் விடுகதைப் பக்கத்துல வந்துடுச்சு." கொஞ்ச தூரம் போன பிறகு, "ஒண்ணு தொலைஞ்சாலும் ஆகும்மா. கரப்பான் அடிக்கலாம்" என்றாள். பக்கத்தில் வெள்ளரிப்பிஞ்சுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அம்மாள் சிரித்துவிட்டாள். செந்தாமரையும் சிரித்தாள். சிரித்த வாயை மூடுவதற்குள் பஸ் போளூரைத் தாண்டிவிட்டது. இனி களம்பூர், பிறகு ஆரணி. ஆரணி பஸ் நிலையத்தில் மகிழினியின் அப்பா தணிகாசலம் நிற்பான். ஆற்காட்டிலிருந்து வண்டியில் கிளம்பியிருப்பான். அவன் எப்போதும் முன்னதாகவே வந்துவிடுகிற ஆள். அங்கே வைத்து மகிழினி சொல்ல வேண்டும், ஜூனிலிருந்து அப்பாவோடு ஆற்காட்டில் இருந்து படிப்பதா, அம்மாவோடு திருவண்ணாமலையிலேயே இருப்பதா என்று. பத்து வயதுப் பிள்ளையிடம் இதைக் கேட்கலாமா என்று அவள் போனில் கேட்டபோது, "அவளே சொல்லட்டும். அவ சொல்றதுக்கு ரெண்டு பேரும் கட்டுப்படுவோம்" என்று அவன் சொன்னான். அவளும் உடனே சரி என்றாள். அந்தச் சரி ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்பது அவளுக்குத் தெரியும். மகள் என்ன சொல்வாள் என்பதும் தெரியும். தெரிந்த விடைக்கு விடுகதை போடுவது அவள் தொழில்.

மகிழினியின் மடியில் அச்சுப்படி கிடந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய பெரிய நாவலை நாற்பத்தெட்டுப் பக்கத்துக்குள் குழந்தைகளுக்காகச் செந்தாமரை ரெண்டு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்துச் சுருக்கியது. அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. எந்தப் புத்தகத்தைச் சுருக்கினாலும் முதலில் மகளிடம்தான் கொடுப்பாள். அவள் எங்கே தடுக்கி நிற்கிறாளோ அங்கே வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தடவை மகிழினி ஒரே ஒரு இடத்தில்தான் நின்றாள். போளூர் வருவதற்கு முன்னால், ஒரு பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இந்தப் பக்கத்துல பரமேஸ்வரன் பசங்களுக்கு நீச்சல் கத்துக் குடுக்கறாரு. அடுத்த பக்கத்துல தோப்புக்குள்ள வந்தா கடிக்கட்டும்னு நாயை அவுத்து விடறாரு. நடுவுல என்னம்மா ஆச்சு?" செந்தாமரை, "அதான் போட்டிருக்கே, காலம் ஓடியது, அவன் குணம் மாறியதுன்னு" என்றாள். "அது தெரியுது. ஏன் மாறுச்சு?" "சில பேர் அப்படித்தான்." மகிழினி பக்கத்தைப் புரட்டினாள். பிறகு, "நாய் பேரு என்ன?" என்று கேட்டாள். நாய்க்கு மூல நாவலில் பேர் கிடையாது. அந்த நாயே கால் பக்கம்தான் வரும். பதிப்பகத்து ஆசிரியர்தான் அதை விடாதே என்றார். "பத்து வயசுப் பிள்ளைக்குக் காதல் எதுக்கும்மா? அந்த மதகு அத்தியாயத்தைத் தூக்கிடுங்க. நாய் இருக்கட்டும், பிள்ளைங்களுக்கு நாய் பிடிக்கும்." அவள் தூக்கினாள். தூக்கின இடத்தில் பள்ளம் தெரியாமல் இருக்க ஒரு வரி போட்டாள். அதற்கு அவளும் அச்சுக்கோக்கிற பையன்களும் ஒட்டு வரி என்று பேர் வைத்திருந்தார்கள். அத்தியாயத்துக்குப் பதில் ஒரு வரி. நல்ல ஒட்டு வரி பொய் சொல்லாது. காரணத்தை மட்டும் சொல்லாமல் விடும். இத்தனை வருஷத்தில் எத்தனை ஒட்டு வரி எழுதியிருப்பாள். காலம் ஓடியது. சில மாதங்கள் சென்றன. நாளடைவில் எல்லாம் மாறிப்போயிற்று. கை தானாக எழுதும். வாயும் தானாகச் சொல்லும், அதுதான் கஷ்டம், எழுதினதையாவது அச்சுக்குப் போவதற்குள் திருத்தலாம்.

மதகு அத்தியாயத்தை வெட்டுவதற்காக அவள் அதைப் பல தடவை படித்தாள். அதற்கு முன்னால் வரும் பரமேஸ்வரன் ஊர்ப் பிள்ளைகளின் இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி ஏரியில் தள்ளிவிடுகிறவன். தானும் ஒரு குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீந்தத் தெரியாதவன் போல் தத்தளித்துக் காட்டி அவர்களைச் சிரிக்க வைக்கிறவன். வாத்தியார் மகள் நாகரத்தினம் வேகவேகமாகப் பேசுகிறவள், சிரிப்பில் பாதி வார்த்தையை விழுங்கிவிடுகிறவள். மழை தூறுகிற சாயங்காலம் மதகின்மேல் நின்று அவள் அவனிடம் சொல்கிறாள்: உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, அதற்கு மேல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. அவ்வளவுதான். அவன் அழவில்லை, கோபிக்கவில்லை. மழை வலுக்கிறது வீட்டுக்குப் போ என்கிறான். அடுத்த அத்தியாயம் தொடங்கும்போது அவன் வீட்டு வேலைக்காரி சுரைக்குடுக்கைகளை ஒவ்வொன்றாக உடைத்து அடுப்பில் வைத்துக்கொண்டிருக்கிறாள். யார் சொல்லி என்று நாவலாசிரியர் எழுதவே இல்லை. அதற்குப் பிறகுதான் வேலி, அதற்கும் பிறகுதான் நாய். அந்தக் குடுக்கை எரிகிற இடத்தைப் படிக்கும்போதெல்லாம் செந்தாமரை பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். ஆனால் அவளுக்கு அதைவிடக் கூர்மையாகப் பட்டது வேறொன்று. நாகரத்தினமும் மாறிவிடுகிறாள். உடைந்தவன் மட்டுமல்ல, உடைத்தவளும். அந்த மதகுக்குப் பிறகு நாவல் முழுக்க அவள் ஒரு வார்த்தையைக்கூட விழுங்குவதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் நிற்கிறாள், தன் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று தானே பயப்படுகிறவள் போல. கடைசியில் ஏரியில் விழுந்த குழந்தைக்காகப் பரமேஸ்வரன் வேட்டியோடு குதிக்கிறானே, அவன் ஒன்றும் திருந்திவிடவில்லை. அவனுக்குள் கிடந்த பழைய ஆள் ஒரு நிமிஷம் எழுந்து வருகிறான். செந்தாமரையின் நாற்பத்தெட்டுப் பக்கத்தில் அது, கெட்டவன் ஒருவன் நல்லவனான கதை ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்று முடிவு பண்ணுகிற வேலையில் இருக்கிறவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

"டிக்கெட் டிக்கெட், பின்னாடி யாரு எடுக்கல" என்று கண்டக்டர் குரல் கொடுத்துக்கொண்டே போனார். வெயில் அவர்கள் பக்கம் வந்துவிட்டது. மகிழினி அச்சுப்படியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள். தாளின் நிழல் அவள் மூக்குவரை விழுந்தது. தணிகாசலத்தின் மூக்கு. அவனும் வெயிலில் இப்படித்தான் கையில் கிடைத்ததைத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்வான். ஒரு தடவை முறத்தைப் பிடித்துக்கொண்டு காய்கறிக்காரர் வண்டிவரை போய் வந்தான், அந்தத் தெருவே பார்த்தது. எதிர்வீட்டு ரிட்டையர்டு ஹெட்கிளார்க் இருமுகிற மாதிரி இருமிக் காட்டுவான், அவர் வீட்டு ஆள்களே ஜன்னலில் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. காரணமே இல்லாமல் விசில் அடிக்கும் குக்கருக்குப் பெரியம்மா என்று பேர் வைத்தவன் அவன். "தாமரை, பெரியம்மா கூப்பிடறாங்க, போய் என்னன்னு கேளு." மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிற வேலையில் வெயிலில் அலைந்துவிட்டு வந்தும் அவனுக்குள் இவ்வளவு இருந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அந்த மத்தியானமும் அவன் தரையில் உட்கார்ந்து, தண்டு எது இலை எது என்று தெரியாதவன் போல நடித்து, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டே கேட்டான்: "என்னைக் கட்டிக்கலன்னா யாரைக் கட்டியிருப்பே? நெஜத்தைச் சொல்லு, நான் அந்த ஆளைப் போய்ப் பார்த்து ஒரு சால்வை போர்த்திட்டு வரேன்." அவள் அன்று காலை முழுவதும் மதகு அத்தியாயத்தோடு இருந்தாள். வெட்டவும் முடியாமல் விடவும் முடியாமல் அந்த வரிகள் நாக்கிலேயே இருந்தன. "யாரையும் இல்ல. உங்க மேல மரியாதை இருக்கு. அதுக்கு மேல ஏதாவது இருக்கான்னு இத்தனை வருஷமும் தேடிப் பார்த்தேன். இல்ல." சொன்னது அவள். ஆனால் அவளுடைய வார்த்தையா? இதுதான் அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மனசில் இருந்ததற்கு அந்த வாக்கியம் சரியாகப் பொருந்தியதால் சொன்னாளா, வாக்கியம் அவ்வளவு சுத்தமாக இருந்ததால் மனசே அதற்குத் தகுந்த மாதிரி ஆகிவிட்டதா? தேடிப் பார்த்தேன் என்றாளே, எப்போது தேடினாள்? ஒரு நாள்கூடத் தேடவில்லை. அவன் பேசுவான், அவள் சிரிப்பாள், நாள் போகும். அதற்குப் பேர் என்ன என்று அவள் யோசித்ததே கிடையாது. அவன் அதற்குப் பிறகும் நாலைந்து இலை ஆய்ந்தான். இந்தத் தடவை தண்டு தனி, இலை தனி. பிறகு எழுந்து கைகழுவப் போனான்.

கீரைக்குப் பிறகு அவன் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தான். பேச்சு குறைந்தது என்று சொல்ல முடியாது, நின்றுபோயிற்று. இருட்டிய பிறகும் முன் அறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பான். மின்வாரியத்து ஆள், விளக்குப் போட மாட்டேன் என்கிறான். எட்டு வயது மகிழினி அவனை எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எதிர்வீட்டு ஹெட்கிளார்க் மாதிரி இருமிக் காட்டினாள். அவன் சொல்லிக்கொடுத்த இருமல்தான், அச்சு அசலாக அதே இருமல். தட்டு சுவரில் போய் விழுந்தது. காலண்டர் மேல் குழம்பு வழிந்தது. பிள்ளை அழவில்லை, குனிந்து சோற்றைப் பொறுக்க ஆரம்பித்தாள். அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மாற்றல் கேட்டு ஆற்காட்டுக்குப் போனான். போன பிறகு ஒரு சாயங்காலம் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது மகிழினி கேட்டாள்: "அப்பா ஏம்மா இப்படி ஆயிட்டாரு?" சீப்பு கையில் இருந்தது. மூன்று கால் பின்னலில் ஒரு கால் விரலில் இருந்தது. ஒரு கணம்கூட ஆகவில்லை. "அவர் எப்பவுமே அப்படித்தான்டி. நீ சின்னப் பிள்ளை, கவனிச்சிருக்க மாட்டே." அவ்வளவு நேர்த்தியான ஒட்டு வரி. பள்ளமே தெரியவில்லை. ஆனால் நல்ல ஒட்டு வரி பொய் சொல்லாது என்று அவள் வைத்திருந்த விதி அன்றைக்கு உடைந்தது. சீப்பு ஓடிக்கொண்டேதான் இருந்தது. பிள்ளையும் அதை நம்பினாள், நம்புவதற்காகத் தன் ஞாபகங்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டாள். போன வாரம் குக்கர் விசில் அடித்தபோது, "பெரியம்மான்னு பேர் வெச்சது நீதானே?" என்று கேட்டாள். செந்தாமரை "ம்" என்றாள். ஒரே எழுத்து. அடுப்பை அணைத்தாள். அவனிடமிருந்து அதையும் எடுத்துக்கொண்டாகிவிட்டது. இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது? முறம் இருக்கிறது. அது யாருக்கும் ஞாபகம் இல்லை, அவளுக்கு மட்டும்தான். அவள் மறந்துவிட்டால் முறத்தைப் பிடித்துக்கொண்டு போன மனிதன் இந்த உலகத்தில் எங்கேயும் இருக்க மாட்டான்.

சொல்லிவிடலாம். இப்போதே. பஸ்ஸில் ஒரு வசதி, முகத்தைப் பார்க்க வேண்டாம், ரெண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டே பேசலாம். சொன்னால் என்ன ஆகும்? பிள்ளை அவனோடு போய்விடுவாள். காலையில் பின்னுவதற்குத் தலை இருக்காது. அச்சுப்படியைக் கொடுத்துவிட்டு எங்கே தடுக்குகிறாள் என்று பார்க்க ஆள் இருக்காது. சொல்லாவிட்டால்? இருப்பாள். தட்டை வீசின அப்பாவைப் பற்றின நாற்பத்தெட்டுப் பக்கத்தோடு இருப்பாள். வளர்வாள். ஒரு நாள் மூல நாவலை நூலகத்தில் எடுத்துப் படிப்பாள், மதகு அத்தியாயத்தில் வந்து நிற்பாள். அப்போது புத்தகத்தை மூடிவிட்டு எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள்? பிள்ளைக்காகத்தானே மறைத்தேன், பத்து வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு. அது பதிப்பகத்து ஆசிரியரின் குரல். அவள் எப்போதிலிருந்து அவர் குரலில் யோசிக்கிறாள்? "மகிழ்" என்றாள். "ம்?" "அப்பா இருக்காரு இல்ல." "எங்க?" என்று பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "இல்லடி. சும்மா சொன்னேன். அப்பா வந்து..." வெள்ளரிப்பிஞ்சு அம்மாள் எழுந்தாள். "களம்பூர் வந்துடுச்சு, கொஞ்சம் காலை எடு கண்ணு. இந்தா, ஒண்ணு தின்னு. வாய்க்காரப் பொண்ணு." மகிழினி வாங்கிக்கொண்டு, "உப்பு?" என்றாள். "உப்பு வேணும்னா கூடையையே வாங்கணும்" என்று அந்த அம்மாள் இறங்கிப் போனாள். பிள்ளை சிரித்துக்கொண்டே பிஞ்சைக் கடித்தாள். "என்னம்மா சொல்ல வந்தே?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்ல, தின்னு." அந்தக் கூடைக்காரி எழுந்ததற்கு உள்ளே எங்கேயோ ஒரு நன்றி சுரந்தது. அதையும் செந்தாமரை கவனித்தாள். நன்றி சொல்கிறாளாம். ஒரு குழந்தையின் வாயில் வெள்ளரிப்பிஞ்சை வைத்து அடைத்ததற்கு.

அதற்குப் பிறகு நெல் அரைக்கிற ஆலைகளின் வாசனை வந்தது, தவிட்டு வாசனை, பிறகு ஆரணியின் முதல் கடைகள் வந்தன. அவள் ஒவ்வொரு கடை வரும்போதும், இப்போது இல்லை, இதைத் தாண்டின பிறகு சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போனாள். டயர்க் கடைக்குப் பிறகு. பட்டுப்புடவைக் கடைக்குப் பிறகு. பஸ் திரும்பி நின்றது. தணிகாசலம் ஜூஸ் கடை நிழலில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். முகம் சவரம் பண்ணிப் பளிச்சென்று இருந்தது. இளைத்திருந்தான். "வெயில்ல வந்துட்டீங்க" என்றான், இருவரையும் சேர்த்து. பிறகு மகளிடம், "ஏதாவது குடிக்கிறியா?" என்று கேட்டான். "வேணாம்ப்பா, இப்பத்தான் வெள்ளரிப்பிஞ்சு தின்னேன்" என்றாள் மகிழினி. அவள் அவன் பக்கத்தில் போகவில்லை. செந்தாமரையை ஒட்டிக்கொண்டும் நிற்கவில்லை. நடுவில் பையோடு நின்றாள். "ஒண்ணு கேட்கட்டா?" "கேளு." "நீங்க எப்பவுமே இப்படித்தானா? முன்னாடி வேற மாதிரி இருந்தீங்களா?"

தணிகாசலம் மகளைப் பார்க்கவில்லை, செந்தாமரையைப் பார்த்தான். கோபம் இல்லை. அந்த வீட்டில் தான் இல்லாதபோது என்ன சொல்லப்பட்டது என்பதை அந்த ஒரு பார்வையில் அவன் முழுக்கப் புரிந்துகொண்டான், புரிந்துகொண்டதை மறைக்கவும் இல்லை. சொல்லப் போகிறான். சொல்லட்டும். அவனுக்கு உரிமை இருக்கிறது, அவனே சொல்லிவிட்டால் தான் சொல்ல வேண்டியதில்லை என்றுகூட அவளுக்குத் தோன்றிவிட்டது. அவன் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "ஆமாம்மா" என்றான். "அப்பா எப்பவுமே இப்படித்தான்." அவளுடைய வரி. அவளுடைய வார்த்தைகள் அவன் வாயிலிருந்து வருவது அவளுக்குக் கேட்டது. அவள் தனக்காக எழுதியதை அவன் அவளுக்காகச் சொல்கிறான். மகள் முன்னால் அவளைக் காட்டிக்கொடுக்க அவனால் முடியவில்லை. பிள்ளையே போனாலும் முடியவில்லை. சுரைக்குடுக்கைகள் எல்லாம் எரிந்துபோகவில்லை, எங்கோ ஒன்று கிடக்கிறது, இவ்வளவு நாளும் அதை அவன் பத்திரமாக வைத்திருக்கிறான். மகிழினி தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தாள். முடிவைச் சொல்லத்தான் திறந்தாள், செந்தாமரைக்கு எந்த முடிவு என்றும் தெரியும், தான் மட்டும் இன்னும் ஒரு மூச்சு சும்மா இருந்தால் போதும்.

"இல்ல" என்றாள் செந்தாமரை. "அவர் அப்படி இல்ல, மகிழ். நான் உன்கிட்ட பொய் சொன்னேன். ஒரு நாள் நான் உங்கப்பாகிட்ட, உங்களை எனக்குப் பிடிச்சதே இல்லன்னு சொன்னேன். இத்தனை வருஷமும் பிடிக்கலன்னு. அதுக்கு அப்புறம்தான் அவர் இப்படி ஆனாரு." எவ்வளவு அசிங்கமான வாக்கியம். நாவலில் இருந்த மாதிரி இல்லை. "தாமரை, போதும். பஸ் ஸ்டாண்டுல வெச்சு..." என்றான் அவன். மகிழினி அம்மாவைப் பார்த்தாள். "நெஜமாவே பிடிக்கலியா?" பதில் சொல்வதற்கு முன்னால் செந்தாமரை ஒரு கணம் நின்றாள், நாகரத்தினம் நிற்கிற மாதிரி. கையில் எந்த வரியும் இல்லை. "தெரியலடி" என்றாள். "அப்புறம் ஏன் சொன்னே?" "அதுவும் தெரியல." அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான், வேலூர் பஸ் நிற்கிற பக்கம், கண்ணைச் சிமிட்டாமல். செந்தாமரை இன்னும் ஏதோ சொல்லப் போனாள். அவனும் அதே நேரத்தில் ஏதோ ஆரம்பித்தான். "ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் மகிழினி. ஜூஸ் கடையில் மிக்ஸி ஓடி நின்றது. மகிழினி பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள். அப்பாவோடு ஆற்காட்டுக்குப் போவதாகச் சொன்னாள்.